விரல் வைத்த இடம்

அம்மா எழுத்தின்மேல் விரல் வைத்துத்தான் படிப்பாள். சத்தியமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் விடாமல் படித்தது திருப்பாவை ஒன்றைத்தான். மார்கழி பிறந்தால் விடிவதற்கு முன்னே ஜன்னலோரம் உட்காருவாள். வலது ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் அடியில் ஊன்றுவாள். விரல் நகர நகரக் குரலும் நகரும். முப்பது பாட்டும் மனப்பாடம்தான், ஆனாலும் விரல் இல்லாமல் சொல்ல வராது. நடுவில் ஏதாவது நினைவு வந்தால் விரலை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தி, “பால் பொங்குதா பாரு கண்ணு” என்பாள். விரல் இருக்கும் இடத்தில் பாட்டு காத்துக்கொண்டிருக்கும்.

நான் மைசூரில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். 2019 ஜனவரியில், மார்கழி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, புதிதாக வாங்கிய லென்ஸைச் சோதித்துப் பார்க்க அம்மாவின் கையைப் படம் எடுத்தேன். அவளுக்குத் தெரியாது. பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு, விரலின் நடுக்கணுவுக்குக் கீழே அரிவாள்மனை பட்ட பழைய தழும்பு, நுனியில் கொஞ்சம் மஞ்சள். கோப்பின் பெயர்கூட மாற்றாமல் டிஸ்கில் போட்டு வைத்தேன். அடுத்த வருஷம் ஆடியில் அம்மா போய்விட்டாள்.

அப்பா ஐடியல் ஜாவாவில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாம்ராஜ்நகர் வழியாக மைசூருக்கு வந்து, யாதவகிரியில் அந்த பைக் கம்பெனியில் சேர்ந்தார். 1996-ல் கம்பெனி மூடிய பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. இப்போது அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. இந்த நோய் ஒரு விசித்திரமான தண்டனை. எதை நேரே பார்க்கிறாரோ அதுதான் மறையும். சுற்றியிருப்பது தெரியும். ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் காதைப் பார்க்க வேண்டும்.

பெரிய திரை ஒன்று வாங்கி, எழுத்தை எலுமிச்சம்பழ அளவுக்குப் பெருக்கிக் கொடுத்தேன். அம்மா விட்ட திருப்பாவையை அப்பா எடுத்துக்கொண்டார். எழுத்து சமாளிக்க முடிந்தது, மவுஸின் அம்புக்குறிதான் முடியவில்லை. வெள்ளைத் திரையில் வெள்ளை அம்பு. அதைத் தேடி நேரே பார்த்தால் போய்விடும். “அம்பு எங்க போச்சு கண்ணு?” என்று நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுவார். கறுப்பு அம்பு போட்டுப் பார்த்தேன், மஞ்சள் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் ராத்திரி கல்யாண ஆல்பம் ஒன்றுக்காகப் பழைய டிஸ்கைத் துழாவும்போது அம்மாவின் கை கண்ணில் பட்டது. இதை ஏன் கர்சராக்கக் கூடாது என்று தோன்றியது அப்போதுதான்.

ஈரோட்டில் இருக்கும் தங்கச்சியிடம் போனில் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. “ஏனுங்கண்ணா, அம்மா கையைப் போயி அங்கெல்லாம் இழுத்துட்டு அலைய உடுவீங்களா? கரண்டு பில்லு கட்டற எடம், கண்ட வெளம்பரம் வர்ற எடம். படத்துக்கு மாலை போட்டு வெச்சிருக்கறோம். அது போதாதுங்களா?”

அவள் கேட்டதை என்னால் தள்ள முடியவில்லை. பெரிய ஒன்றைப் பிடித்துச் சின்னதாக்கி நம் சௌகரியத்துக்கு வைத்துக்கொள்வது அன்பா, அவமரியாதையா? நம் நாட்டில் இது நேற்று பிறந்த கேள்வி இல்லை. அளவில்லாதவனை ஒரு முழக் கல்லில் நிறுத்தி அலங்காரம் செய்கிறீர்களே என்று தமிழ்ச் சித்தர்களும் கேட்டார்கள், இந்தக் கன்னட நாட்டு வசனகாரர்களும் கேட்டார்கள். அவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்விக்கு இன்னும் சூடு இருக்கிறது.

என் தொழில் வழியாகத்தான் எனக்கு இதற்குள் போக முடிந்தது.

கேமரா நேராகத் தருகிற கோப்பை நாங்கள் ரா என்போம். அதுதான் மூலம், அதிலிருந்து செய்வதெல்லாம் நகல், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு என்பது எங்களுக்குப் பால பாடம். அம்மாவின் கை இருந்தது சிஆர்2 என்கிற ரா கோப்பில். 6000-க்கு 4000, ஆக 2 கோடியே 40 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தை 16,384 படிகளாக அளக்கும். இத்தனையையும் கொண்டுபோய் 32-க்கு 32, அதாவது 1,024 புள்ளிக்குள் அடைக்கப் போகிறேன். தங்கச்சியின் பயம் எனக்கும் இருந்தது.

ஆனால் அந்த மூலத்தைத் திறந்து அருகில் போய்ப் பார்க்கிறவனுக்கு ஒன்று தெரியும். அதில் நிறமே இல்லை. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு ஒன்று இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. சென்சாரின் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு வண்ணச் சல்லடை. பாதிக் கட்டங்களுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். ஒரு கட்டம் ஒரு நிறத்தை மட்டும்தான் எண்ணும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களைக் கேட்டு மென்பொருள் ஊகிக்க வேண்டும். நாம் பார்க்கும் வண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். போதாததற்கு, வெள்ளை எது என்பதும் ராவுக்குத் தெரியாது. அதை நான் சொல்ல வேண்டும். கெல்வின் எண்ணை ஏற்றினால் அம்மாவின் கை மஞ்சள் பூசிக் குளித்தது போல் ஆயிற்று. இறக்கினால் நீலம் பாய்ந்து, கடைசி நாளில் நான் பிடித்துக்கொண்டிருந்த கையாயிற்று. ஒரு மணி நேரம் அந்த ஒரு ஸ்லைடரை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எந்த மாநிறம் என்பதைக் கேமரா எனக்குச் சொல்லவில்லை. என் ஞாபகத்திலிருந்து எடுத்து நான்தான் அதற்குக் கொடுத்தேன்.

மூலம் என்று நான் பத்திரப்படுத்தி வைத்திருந்ததே அம்மாவின் மேல் விழுந்து திரும்பிய வெளிச்சத்தைச் சல்லடை வழியாக எண்ணிய கணக்குதான். அதுவும் ஒரு குறுக்கம். குறுகாத அம்மா எந்த டிஸ்கிலும் இல்லை. இதை உணர்ந்தபோது எனக்கு வருத்தமாக இல்லை, கை சற்று விடுதலையானது.

கையை மட்டும் 1600-க்கு 1600 சதுரமாக வெட்டினேன். அதை 32-ஆகச் சுருக்கினால், 50-க்கு 50 சதுரம் ஒன்று, 2,500 புள்ளிகள், ஒரே புள்ளியாகும். ரேகை போயிற்று. நகத்தின் பிறை போயிற்று. இரண்டு வளையல் சேர்ந்து மூன்று பச்சைப் புள்ளி. தழும்பு சுத்தமாகக் காணோம். 1984-ல் வந்த மக்கின்டோஷுக்கு ஐகான் வரைந்த சூசன் கேர் கட்டம் போட்ட தாளில் இதே 32-க்கு 32-ல்தான் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைந்தார் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நானும் கடைசியில் அப்படித்தான் உட்கார்ந்தேன். விரலின் ஓரத்துக்குக் கருங்கோடு ஒன்று கொடுத்தேன். பிறகு நடுக்கணுவுக்குக் கீழே, தழும்பு இருந்த இடத்தில், ஒரே ஒரு புள்ளியைக் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். ஸ்தபதி எல்லாம் முடித்துக் கடைசியில் கண் திறப்பது போல என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தப் புள்ளியை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் வைத்தேன். அது கேமரா தந்தது இல்லை.

கோப்பு மொத்தம் 4,286 பைட். ரா கோப்பு முப்பது எம்பி பக்கம். அப்பாவிடம் அளவைச் சொன்னதும், “நாலாயிரமா?” என்று கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆழ்வார் பாட்டின் கணக்கு அவர் காதில் விழுந்துவிட்டது.

அப்பாவின் கண்ணுக்கு 32 போதாது என்று, நிழல் சுருக்கம் எல்லாம் தெரிகிற மாதிரி 96 கட்டத்தில் ஒரு கை செய்தேன். அது அவருக்குக் குழம்பியது. “என்னமோ பொகை மாதிரி இருக்குது” என்றார். 32-ஐயே மும்மடங்காகப் பெருக்கி, ஒவ்வொரு புள்ளியையும் ஒன்பது புள்ளியாகத் தடிக்க வைத்துக் கொடுத்ததும், “இதா, அவ கை” என்றார். எதை இழப்பு என்று நான் அஞ்சினேனோ அதனால்தான் அவருக்குத் தெரிந்தது.

இந்த வேலைக்கு நடுவில் அப்பாவை மேல்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அந்த ஊருக்கும் யாதவகிரி என்று ஒரு பெயர் உண்டு. நாங்கள் காரமடை ரங்கநாதரைக் கும்பிடுகிற குடும்பம். மைசூருக்கு வந்த பிறகு மேல்கோட்டைதான் எங்களுக்குக் காரமடை. சுற்றிலும் கன்னடம் ஒலிக்க, உள்ளே திவ்யப் பிரபந்தம் தமிழில் ஓதக் கேட்கிறபோது அப்பாவுக்குச் சொந்த ஊர் வந்துவிடும். சோழ நாட்டில் இருக்க முடியாமல் கிளம்பிய ராமானுஜர் இந்தப் பக்கம் வந்து பன்னிரண்டு வருஷம் தங்கினார் என்பது சம்பிரதாயம். அவர் திருவரங்கத்துக்குத் திரும்பும்போது இங்கிருந்த சீடர்களால் பிரிவு தாங்க முடியவில்லை. அவர்களுக்காக அவருடைய உருவம் ஒன்றைச் செய்து வைத்தார்கள். அதற்குத் தமர் உகந்த திருமேனி என்று பெயர். ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தான் உகந்த திருமேனி, திருவரங்கத்தில் இருப்பது தானான திருமேனி.

தமர் என்றால் தன்னுடையவர்கள். இந்தப் பெயரை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என்னை நிறுத்தியது. சிலை எத்தனை அச்சாக அவரைப் போல இருக்கிறது என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. அவருக்கு அது பிடித்ததா என்றும் சொல்லவில்லை. அவருடையவர்களுக்குப் பிடித்தது, அவ்வளவுதான். அவர்களின் ஆசையே அந்த உருவத்துக்கு ஆதாரம். அந்த உருவத்துக்குக் குறையாக அதை யாரும் சொல்வதில்லை, பெயராகவே வைத்துவிட்டார்கள்.

அதே கோயிலின் உற்சவர் செல்வப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற கதையும் இப்படித்தான். டில்லி அரண்மனையில் சுல்தானின் மகள் அந்த விக்கிரகத்தைப் பொம்மையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள், ராமானுஜர் போய் அழைத்ததும் அது நடந்து வந்து மடியில் ஏறிற்று, பிரிவு தாங்காமல் அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள் என்பார்கள். பீபி நாச்சியார் என்ற பெயரில் அவளுக்கு அங்கே இன்றைக்கும் இடம் உண்டு. பொம்மையாக இருக்கச் சம்மதித்ததால் அவனுக்கு ஏதும் குறைந்துவிட்டதாக அந்தச் சம்பிரதாயத்தில் யாரும் நினைக்கவில்லை.

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இறைவனின் ஐந்து நிலைகளைத் தண்ணீரை வைத்து விளக்குகிறார். உலகத்துக்கு அப்பால் சூழ்ந்திருக்கும் நீர் ஒன்று, பாற்கடல் ஒன்று. ராமன், கிருஷ்ணன் என்று வந்த அவதாரங்கள் பெருக்கெடுத்து ஓடிப்போன ஆறு. நெஞ்சுக்குள் இருப்பவன் பூமிக்கடியில் இருக்கும் நீர். கோயிலில் நிற்கும் அர்ச்சை, ஆறு வடிந்த பிறகு தேங்கி நிற்கிற மடு. அளவில் பார்த்தால் மடுதான் கடைசி. ஆனால் தாகத்தோடு நிற்கிறவன் குனிந்து கையால் அள்ளக்கூடியது அது ஒன்றுதான். அர்ச்சையின் பெருமை என்று பெரியவர்கள் சொல்வதும் வியப்பானது. எல்லாவற்றையும் நடத்துகிறவன் இங்கே குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் தூங்கவும் அர்ச்சகரின் கையை எதிர்பார்த்து நிற்கிறான். இதை எழுதிய ஆசாரியர், 1323-ல் திருவரங்கத்தின் மேல் படை வந்தபோது தள்ளாத வயதில் அங்கத்து உற்சவர் நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனார். மதுரைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வழியிலேயே உயிர் பிரிந்தது. மடு வெறும் உவமை என்று நினைத்திருந்தால் அந்த வயதில் கிளம்பியிருக்க மாட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் தங்கச்சி சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் கையைக் கண்ட வேலைக்கும் இழுப்பீர்களா என்று கேட்டாளே, அந்தக் கை எப்போது சும்மா இருந்தது? சாணி தெளித்தது, எண்ணெய்ப் பிசுக்குத் தேய்த்தது, நான் கக்கியதை ஏந்தியது. மாலை போட்ட படத்துக்குள் இருப்பதுதான் அந்தக் கைக்கு வழக்கமில்லாதது.

கோப்பைச் செய்து முடித்து அப்பாவின் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கை அழகாக வந்தது. அப்பா மவுஸை நகர்த்தினார், விரல் நகர்ந்தது. அடுத்த பாட்டுக்குப் போகிற பொத்தானின் மேல் விரல் நுனியை வைத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். “கை காட்டற எடத்துல தெறக்க மாட்டேங்குது கண்ணு” என்றார்.

தப்பு என்னுடையது. கர்சர் கோப்பும் ஐகான் கோப்பும் ஏறக்குறைய ஒன்றே. தலைப்பில் ஒரு எண் ஐகானுக்கு 1, கர்சருக்கு 2. அதோடு, ஐகானில் வண்ணக் கணக்கு எழுதியிருக்கிற நாலு பைட்டில், கர்சருக்கு வேறு இரண்டு எண்கள் இருக்கும். இந்தப் படத்தின் எந்த ஒரு புள்ளி உண்மையில் தொடுகிறது என்பதை, இடமிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை என்று அவை சொல்லும். ஹாட்ஸ்பாட் என்பார்கள், நான் சுட்டுமுனை என்று சொல்லிக்கொள்கிறேன். கை முழுவதும் தெரியும், தொடுவது அந்த ஒரு புள்ளிதான். அதே கோப்புக்குள் படத்தின் வரிகள் கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கும். நான் அந்தப் பழக்கத்தில் சுட்டுமுனையையும் கீழிருந்து எண்ணிவிட்டேன். 32 கட்டக் கணக்கில், 2 என்று எழுத வேண்டிய இடத்தில் 29 என்று எழுதியிருந்தேன். சுட்டுமுனை விரல் நுனியிலிருந்து இறங்கி மணிக்கட்டில், வளையலுக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது.

பத்து நாளாக நிறத்துக்கும் தழும்புக்கும் பாடுபட்டிருந்தேன். வளையல் வரைக்கும் அம்மாவின் கைதான். ஆனால் அது எதையும் சுட்டவில்லை. ஒரு எண்ணைத் திருத்தியதும் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல் அது கையாயிற்று. உருவத்தை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் பெரும்பாலும் ஒப்புமையைப் பற்றியே சண்டை போடுகிறோமோ என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. கல் கடவுளைப் போல இருக்கிறதா, இருக்க முடியுமா என்று. சுட்டுமுனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கல்யாணத்தில் அருந்ததி காட்டும்போது முதலில் பக்கத்திலுள்ள பெரிய நட்சத்திரத்தைக் காட்டிவிட்டுத்தான் அதன் ஓரத்துச் சின்னதுக்குப் போவார்கள். முதலில் காட்டியது பொய் ஆகிவிடாது. மங்கலான நட்சத்திரத்தை நேரே பார்த்தாலும் தெரியாது, கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தால்தான் தெரியும். அப்பா இப்போது எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்கிறார்.

யூதர்கள் தோரா ஓதும்போது தோல் சுருளை விரலால் தொடுவதில்லை. வெள்ளிக் கோல் ஒன்றை வைத்து வரியைக் காட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் கோலின் நுனியில் ஆள்காட்டி விரலை நீட்டிய சின்னக் கை இருக்கும். அதன் பெயர் யாத், எபிரேய மொழியில் கை என்றே பொருள். உருவ வழிபாட்டை அவர்களைப் போல் கண்டிப்பாக விலக்கியவர்கள் குறைவு. வாசிக்க மட்டும் ஒரு கை வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அஜ்ஜி லிங்காயத்து. கோயிலுக்குப் போகமாட்டார். காலையில் கழுத்திலிருந்து இஷ்டலிங்கத்தை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய கோயில்களை வேண்டாம் என்று விட்டு வந்தவர்களுக்கும் உள்ளங்கை அளவு ஒன்று தேவைப்பட்டது. இதை அவர்களுடைய தோல்வியாக நான் நினைக்கவில்லை.

சுட்டுமுனை சரியானதும் இன்னொரு சங்கடம் வந்தது. வெறும் இடத்தில் கை தெரியும், எழுத்தின் மேல் போனதும் மறைந்து மெல்லிய நெட்டுக்கோடாகிவிடும். எழுத்துக்கு மேல் கர்சர் அப்படி மாறுவது வழக்கம், நான் யோசிக்கவில்லை. எங்கே அவள் விரல் வேண்டுமோ அங்கேதான் காணாமல் போனது. எழுத்துக்கான கர்சருக்கும் அதே கோப்பை வைத்தேன். இப்போது அப்பா முதல் எழுத்தின் அடியில் விரலை ஊன்றி, நகர்த்தி நகர்த்தி வாசிக்கிறார். வேகமும் அம்மாவின் வேகம்தான்.

பொங்கலுக்குத் தங்கச்சி வந்தாள். அப்பாவின் பின்னால் நின்று ஒரு பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து திரைக்கருகில் வந்து, “அந்தத் தழும்புகூடத் தெரியுதுங்களேண்ணா” என்றாள்.

மறைக்க மனம் வரவில்லை. “அது படத்துல வரலை பாப்பா. நான் வெச்ச புள்ளி” என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்க வெச்சாலும், அது அங்கதானுங்களே இருந்துச்சு.”

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. கம்ப்யூட்டர் எதையாவது யோசிக்கும்போது கை போய், நீல வளையம் ஒன்று சுற்றும். சில நேரம் அரை நிமிஷம்கூடச் சுற்றும். அதற்கும் கையையே வைத்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. மாற்றித் தரட்டுங்களா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“அது கெடக்கட்டும் கண்ணு. பால் பொங்குதான்னு பாக்கப் போயிருக்கறான்னு நெனச்சுக்கறேன். வந்துருவா.”